துக்க வீட்டில் விண்மீன் ஏற்றலாமா? கிறிஸ்து பிறப்பு தரும் மகிழ்ச்சியைப் பற்றி



கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நம் பங்குகள் தயாராகிக் கொண்டிருக்கின்றன. இளைஞர்கள் குடில் கட்ட வைக்கோலும் மூங்கிலும் தேடி அலைகிறார்கள். அன்பியம் தோறும் பாடல் குழு போகிறது. மாவு இடிப்பதும் முறுக்குப் பிழிவதும் துணிக்கடைக்குப் போய் வருவதுமாக வீடுகள் பரபரப்பாக இருக்கின்றன. தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் விண்மீன் தொங்குகிறது.

ஆனால் எந்தப் பங்கிலும், எந்தத் தெருவிலும், விண்மீன் இல்லாத வாசல் ஒன்றிரண்டு இருக்கும். கேட்டால், "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்ல சாமி" என்பார்கள். அந்த வீட்டில் ஆண்டுக்குள் ஒரு சாவு நடந்திருக்கும். இறப்பு நடந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் தமிழ் மக்களின் பழைய வழக்கம். கிறிஸ்தவர்களாகிய நாமும் அதைக் கைவிட்டுவிடவில்லை. புதுத்துணி கிடையாது, பலகாரம் கிடையாது, விளக்கு அலங்காரம் கிடையாது. சில வீடுகளில் நள்ளிரவுத் திருப்பலிக்குக்கூட வருவதில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு வரும் இடத்துக்கு அழுத கண்ணோடு எப்படிப் போவது என்ற கூச்சம்தான் காரணம்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. இறந்தவர் மீது கொண்ட அன்பின் அடையாளம் அது. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி என்று நாம் சொல்வது எது? அது சாவு நடக்காத வீடுகளுக்கு மட்டும் உரிய மகிழ்ச்சிதானா? அப்படியானால் பெத்லகேமில் வானதூதர் எல்லா மக்களுக்கும் உரியதென்று அறிவித்த செய்தி (லூக் 2:10) பாதிப் பேருக்குப் பொருந்தாமல் போய்விடுமே!

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நம் உயர்மறைமாவட்டத்தின் வடகோடிக்குப் போவோம். பழவேற்காடு நாம் பலரும் அறிந்த இடம். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல் வரிசையாக மீனவக் குப்பங்கள். கலங்கரை விளக்கம் நிற்கும் ஊருக்கு லைட்ஹவுஸ் குப்பம் என்றே பெயர். இப்போது பாலம் இருக்கிறது. முன்பெல்லாம் படகில்தான் போய் வர வேண்டும். நம் மக்களும் இந்து, இஸ்லாமியச் சகோதர சகோதரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் பகுதி அது.

பழவேற்காட்டில் இருக்கும் மகிமை மாதா திருத்தலம் தமிழகத்தின் மிகப் பழைய ஆலயங்களில் ஒன்று. 1515-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பியது என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. இன்று நாம் மகிமை மாதா என்று அழைக்கும் அன்னைக்கு அவர்கள் அன்று சூட்டிய பெயர் 'மகிழ்ச்சிகளின் அன்னை' என்றும் அக்குறிப்புகள் சொல்கின்றன. மகிழ்ச்சி என்று ஒருமையில் இல்லை, மகிழ்ச்சிகள் என்று பன்மையில். ஏன் பன்மை என்பதைப் பிறகு பார்ப்போம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தவர்களும் உள்ளூர் மீனவரும் புயலுக்கும் அலைக்கும் பயந்து வாழ்ந்த ஒரு கரையில் மரியாவை மகிழ்ச்சியின் பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்பதை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஏனெனில் அந்தக் கரையில் கிறிஸ்து பிறப்பு விழா இரண்டு துக்க நாள்களோடு பிணைந்திருக்கிறது.

ஒன்று நாம் எல்லாரும் அறிந்தது. 2004 டிசம்பர் 26. விழாவுக்கு மறுநாள் ஞாயிறு காலை, ஆலயங்களில் திருப்பலி நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பழவேற்காட்டுப் பக்கம் நாகப்பட்டினம் அளவுக்கு உயிர்ச்சேதம் இல்லை என்றாலும் படகும் வலையும் போனவர்கள் ஏராளம். விழாவுக்கு வாங்கிய புதுத்துணியோடு பிள்ளைகள் கரையில் ஓடியதை இன்றும் சொல்லுகிற தாய்மார்கள் நம் கடற்கரைப் பங்குகளில் இருக்கிறார்கள்.

மற்றது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2011 டிசம்பர் 25. அதுவும் ஞாயிறு. விழா நாளில் பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் படகில் ஏறினார்கள். முகத்துவாரத்துப் பக்கம் படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளுமாக 22 பேர் இறந்துபோனார்கள். உயிர்காக்கும் மிதவை உடை யாருக்கும் இல்லை. அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. (தடை இருந்தும் விடுமுறை நாளில் பணம் கொடுத்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டும் விழாவுக்கு அங்கே போகத் திட்டமிடும் குடும்பங்கள் இதைத் தயவுசெய்து நினைவில் கொள்ளட்டும்.)

கிறிஸ்து பிறந்த நாளிலேயே ஒரு குடும்பத்தில் இத்தனை சாவு. அந்த உறவினர்களுக்கு டிசம்பர் 25 என்பது இனி எப்போதும் நினைவு நாள். அவர்களிடம் போய் "மகிழ்ச்சியான கிறிஸ்மஸ்" என்று வாழ்த்துச் சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. அப்படியானால் அவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

அன்பானவர்களே, திருவழிபாட்டு நாள்காட்டியைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். டிசம்பர் 25 பெருவிழா. மறுநாள் 26 யாருடைய விழா? கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி புனித ஸ்தேவான். 27, திருத்தூதர் யோவான். 28, மாசில்லாக் குழந்தைகள், அதாவது பெத்லகேமில் ஏரோதின் வாளுக்கு இரையான பச்சிளம் பிள்ளைகள். பிறப்பு விழாவின் வெண்ணிறத் திருவுடையைக் கழற்றிய கையோடு குருவானவர் சிவப்புத் திருவுடை அணிகிறார். குடிலின் வைக்கோல் இன்னும் வாடவில்லை, அதற்குள் இரத்தம். இது தற்செயலாக அமைந்த வரிசை என்று வைத்துக்கொண்டாலும், திருஅவை பல நூற்றாண்டுகளாக அதை மாற்றாமல் காத்து வருகிறது. எட்டு நாளும் ஒரே விழா என்று வேறு சொல்கிறது. ஆகவே 28-ஆம் தேதியும் நாம் வானவர் கீதம் பாடுகிறோம்.

முன்னோர் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய பழைய வழிபாட்டு முறையில் மாசில்லாக் குழந்தைகள் விழா வார நாளில் வந்தால் ஊதா நிறத் திருவுடை அணிவார்கள், வானவர் கீதம் பாட மாட்டார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மாரோடு சேர்ந்து திருஅவை துக்கம் காக்கும் நாள் அது. பண்டிகைக் காலத்தின் நடுவே துக்க உடை! நம் ஊர்த் துக்க வீட்டு வழக்கத்தை அந்நாளைய உரோமைத் திருஅவை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கும்.

2004 டிசம்பர் 26 ஞாயிறாக இருந்ததால் அன்று ஸ்தேவான் விழா அல்ல, திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி எது தெரியுமா? மத்தேயு இரண்டாம் அதிகாரம். இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு யோசேப்பு எகிப்துக்கு ஓடிய பகுதி. நம் கடற்கரை ஆலயங்களில் அந்த வாசகம் வாசிக்கப்பட்ட காலையில்தான் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த அதிகாரத்தை எழுதிய மத்தேயு நற்செய்தியாளர் ஒரு காரியம் செய்கிறார். அதை நாம் அடிக்கடி கவனிக்காமல் போய்விடுகிறோம். விண்மீனைக் கண்ட ஞானிகள் அளவில்லாத மகிழ்ச்சி அடைந்தார்கள் என்று எழுதுகிறார் (மத் 2:10). எட்டு வசனங்கள் தாண்டினால், தன் பிள்ளைகளுக்காக அழும் இராகேலின் குரலை எரேமியா இறைவாக்கினரிடமிருந்து எடுத்து வைக்கிறார் (மத் 2:18). அவள் ஆறுதல் பெற மறுக்கிறாள் என்பதோடு நிறுத்திவிடுகிறார். அவளை யாரும் அங்கே அதட்டவில்லை. "அழாதே, இது மகிழ்ச்சியான காலம்" என்று எந்த வானதூதரும் வந்து சொல்லவில்லை. "எல்லாம் கடவுள் சித்தம்" என்று ஒற்றை வரியில் வாயடைக்கவும் இல்லை. ஞானிகளின் மகிழ்ச்சியும் இராகேலின் அழுகையும் ஒரே அதிகாரத்தில், ஒரே ஊரைப் பற்றி எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை நற்செய்தியாளர் அழிக்கவில்லை.

அப்படியென்றால் நற்செய்தி சொல்லும் மகிழ்ச்சி துக்கம் இல்லாத நிலை அல்ல என்பது தெளிவு. துக்கத்தின் பக்கத்திலேயே அதனால் உட்கார முடிகிறது.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! இன்பம், களிப்பு, உவகை, மகிழ்ச்சி, அகமகிழ்வு. களித்தல் என்ற சொல்லுக்கு மது உண்டு மயங்குதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. நம் சில ஊர்களில் விழா நாளில் மதுக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் வழக்கில் இருப்பது தெரிகிறது! அதை விடுவோம். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் மகிழ்ச்சிக்கு உரிய சொல் 'காரா'. அருள் என்பதற்கு உரிய சொல் 'காரிஸ்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கபிரியேல் தூதர் மரியாவிடம் சொன்ன முதல் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் மொழிபெயர்ப்பில் 'வாழ்க' என்று வருகிறது. கிரேக்கத்தில் அதற்கு மகிழ்ந்திடு என்றும் பொருள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இயேசுவின் குழந்தைப் பருவத்தைப் பற்றி 2012-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டி, புதிய ஏற்பாடு மகிழ்ச்சி என்ற சொல்லோடு தொடங்குகிறது என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். மகிழ்ச்சியும் அருளும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்றால், இந்த மகிழ்ச்சி நாமே முயன்று வரவழைப்பது அல்ல. கொடுக்கப்படுவது. வெளியிலிருந்து, மேலிருந்து வருவது. ஆகவே மனம் சோர்ந்து கிடப்பவரும் அதைப் பெறலாம். கையை விரித்தால் போதும்.

ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தந்தை புனித பெரிய லியோவின் கிறிஸ்து பிறப்பு மறையுரை ஒன்று டிசம்பர் 25 அன்று திருப்புகழ்மாலையின் வாசகமாக இன்றும் வருகிறது. வாழ்வே பிறந்த நாளில் துக்கத்துக்கு இடமில்லை என்பது அதன் சாரம். முதல் முறை வாசிக்கும்போது நமக்குக் கொஞ்சம் உறுத்தும். பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்ல முடியுமா என்று தோன்றும். ஆனால் லியோ எப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 452-இல் அத்தில்லாவின் படை இத்தாலிக்குள் வந்தபோது ஆயுதமின்றிப் போய் அவனைச் சந்தித்தவர் அவர். 455-இல் வாண்டல் படையினர் உரோமை நகரில் நுழைந்து பதினான்கு நாள் சூறையாடியதைப் பார்த்தவர். அழத் தெரியாத மனிதர் எழுதிய மறையுரை அல்ல அது. எந்தத் துக்கத்துக்கு இடமில்லை என்கிறார்? சாவுதான் கடைசி என்று நம்மை மிரட்டும் துக்கத்துக்கு. மீட்பின் மகிழ்ச்சியிலிருந்து ஒருவரையும் விலக்கி வைக்க முடியாது என்றும் அதே மறையுரையில் சொல்கிறார். புனிதரும் மகிழட்டும், பாவியும் மகிழட்டும், இன்னும் கிறிஸ்துவை அறியாதவரும் மகிழட்டும் என்று எல்லாரையும் உள்ளே அழைக்கிறார். துக்க வீட்டுக்காரர் மட்டும் வெளியே நிற்பாரா?

குருமடத்தில் இறையியல் படிப்பவர்கள் புனித தாமஸ் அக்குவினாரிடம் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். மகிழ்ச்சி தனியான ஒரு நற்பண்பு அல்ல, அன்பின் விளைவு என்கிறார் அவர். பவுலடியாரும் தூய ஆவியின் கனிகளைச் சொல்லும்போது அன்புக்கு அடுத்தபடியாக மகிழ்ச்சியை வைக்கிறார் (கலா 5:22). இந்த மகிழ்ச்சியில் துக்கம் கலக்க முடியுமா என்று அக்குவினார் ஒரு வினா எழுப்புகிறார். கடவுள் கடவுளாக இருக்கிறார் என்பதில் கொள்ளும் மகிழ்ச்சியில் துக்கம் கலப்பதில்லை. ஆனால் அந்த நன்மையில் நாமும் நம்மவரும் பங்குபெறுவதற்குத் தடைகள் இருக்கும்வரை நம் மகிழ்ச்சியில் துக்கம் கலந்தே இருக்கும். அவர் தரும் பதிலின் சாரம் இது. எளிமையாகச் சொன்னால், அழுதுகொண்டே விசுவசிப்பவரின் விசுவாசம் குறைந்த விசுவாசம் அல்ல. அவருடைய மகிழ்ச்சியும் போலி அல்ல.

இப்போது 'மகிழ்ச்சிகளின் அன்னை' என்ற பன்மைக்கு வருவோம். பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய ஒரு பக்தி முயற்சியில் மரியாவின் மகிழ்ச்சிகள் ஏழு என்று எண்ணிச் சொல்வார்கள். வானதூதரின் அறிவிப்பு, எலிசபெத்தைச் சந்தித்தது, இயேசுவின் பிறப்பு, ஞானிகளின் வருகை, காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டது, உயிர்ப்பு, விண்ணேற்பும் முடிசூட்டலும். வியாகுல அன்னையின் ஏழு துயரங்கள் நமக்கு நன்றாகத் தெரியும். தவக்காலத்தில் தியானிக்கிறோம். சிமியோனின் இறைவாக்கு, எகிப்துக்கு ஓடியது, இயேசு காணாமற்போனது... இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எருசலேமில் இயேசு காணாமற்போன அந்த ஒரே நிகழ்ச்சி இரண்டிலும் வருகிறது! தொலைத்த மூன்று நாளும் துயரம், கண்டெடுத்த வேளை மகிழ்ச்சி. ஒரே தாய், ஒரே பிள்ளை, ஒரே பயணம்.

செபமாலையும் இதைத்தான் கற்பிக்கிறது. திங்களும் சனியும் நாம் தியானிக்கும் மகிழ்ச்சி மறையுண்மைகளில் நான்காவது, குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது. அந்த நாளில்தான் அன்னையின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னார் (லூக் 2:35). வாளைப் பற்றிய முன்னறிவிப்பு மகிழ்ச்சி மறையுண்மைக்குள் இருக்கிறது. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்துத் தந்த 2002-ஆம் ஆண்டுத் திருமடலில், மகிழ்ச்சி மறையுண்மைகளின் கடைசி இரண்டும் வரப்போகும் துயரத்தின் அறிகுறிகளையும் தாங்கியிருப்பதைக் குறிப்பிடுகிறார். அலை அடிக்கும் கரையில் ஓர் ஆலயம் கட்டி அதற்கு மகிழ்ச்சிகளின் அன்னை என்று பெயர் வைத்தவர்கள், வாள் இல்லாத மரியாவை நினைத்து அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

பழவேற்காட்டு மீனவர் பேச்சில் 'பாடு' என்று ஒரு சொல் உண்டு. ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். 'இன்னைக்கு எங்க பாடு' என்றால் இன்று எங்கள் முறை. கிடைத்த மீனை மீன்பாடு என்கிறோம். கஷ்டப்படுவதையும் பாடு என்கிறோம். ஆண்டவருடைய துன்பங்களைத் திருப்பாடுகள் என்கிறோம். பாட்டுப் பாடச் சொல்வதற்கும் அதே சொல்தான். சொல் ஆராய்ச்சி நம் வேலை அல்ல. ஆனால் அந்த மக்களின் வாழ்க்கையில் உழைப்பும் பிழைப்பும் துன்பமும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் கடல் நீர் ஏரிக்குள் வராது. இறால் குஞ்சும் மீனும் உள்ளே வராது. படகும் கடலுக்குப் போக முடியாது. பாடு இருந்தும் மீன்பாடு இருக்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் அன்றைய கூலி இல்லை.

விழாத் திருப்பலியில் வாசிக்கும் எசாயாவின் பகுதியில் அறுவடை நாளின் மகிழ்ச்சியைப் போன்ற மகிழ்ச்சி என்று வருகிறது (எசா 9:3). நல்ல உவமைதான். வலை நிறைந்த நாளில் குப்பத்தில் இருக்கும் குதூகலம் நமக்குத் தெரியும். ஆனால் வலை நிறையாத ஆண்டில் என்ன செய்வது? அபக்கூக்கு இறைவாக்கினர் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். அத்தி பூக்காமல், கொடி காய்க்காமல், வயல் விளையாமல், கிடையில் ஆடும் தொழுவில் மாடும் இல்லாமல் போனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்பது அவருடைய மன்றாட்டு (அப 3:17-18). முகத்துவாரம் மூடிக் கிடந்தாலும் என்று ஒரு பழவேற்காட்டு மீனவர் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி மன்றாடுகிறவர் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி அரசிடம் மனுக் கொடுக்காமல் இருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஆண்டவரில் மகிழ்வது என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொள்வது என்று பொருள் அல்ல. மரியாவின் பாடல் மகிழ்ச்சியில் தொடங்கி, வலியோரை அரியணையிலிருந்து இறக்கும் கடவுளைப் பற்றியல்லவா பேசுகிறது!

லூக்கா நற்செய்தியில் முதலில் செய்தி பெற்றவர்கள் இடையர்கள். இரவு வேலையில் இருந்தவர்கள். ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் தொழில். நம் மீனவ மக்களுக்கு அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பெத்லகேமுக்குப் போனார்கள், குழந்தையைக் கண்டார்கள். பிறகு? கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள் (லூக் 2:20). எங்கே திரும்பிப் போனார்கள்? அதே வயலுக்கு, அதே ஆடுகளிடம், அதே குளிருக்கு. மறுநாள் கடன் கேட்டு வருகிறவனும் அதே ஆள்தான். அவர்களுடைய வாழ்க்கையில் வெளிப்படையாக ஒன்றும் மாறவில்லை. கடவுள் தங்கள் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கலங்கரை விளக்கம் கடலை அமைதிப்படுத்துவதில்லை. கரை எங்கே என்று காட்டுகிறது. இருட்டில் இருப்பவருக்கு அதன் அருமை அதிகம் தெரியும், பகலில் கரையில் நிற்பவருக்கு அது வெறும் கோபுரம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஆழிப்பேரலை வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் வரவில்லை என்று சிலர் சாட்சி சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததற்காக நன்றி செலுத்துவது நியாயமே. ஆனால் அன்று அதே ஊரில், கடற்கரையில், திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களும் அன்னையைத் தேடித்தான் வந்தவர்கள். இறந்தவரின் அண்ணனோ அக்காவோ கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சாட்சியை எப்படிச் சொல்வது என்று நாம் யோசிக்க வேண்டும். பிழைத்தவர் வீட்டில் மட்டும் கடவுள் இருந்தார் என்று பொருள்படும் எந்தப் பேச்சும் பெத்லகேமின் மகிழ்ச்சி அல்ல. இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடு. தப்பியவரோடு மட்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

திருத்தந்தை புனித ஆறாம் பவுல் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே 1975-இல் ஓர் ஊக்கவுரை எழுதினார். தொழில்நுட்பம் வளர்ந்த சமுதாயம் இன்பத்துக்கான வாய்ப்புகளைப் பெருக்கிவிட்டது, மகிழ்ச்சியைப் பிறப்பிக்கத்தான் அதனால் முடியவில்லை என்பது அவருடைய கவலை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் தம் முதல் ஊக்கவுரைக்கு 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்றே பெயரிட்டார். உயிர்ப்பு இல்லாத தவக்காலம் போலவே வாழும் கிறிஸ்தவர்கள் உண்டு என்று அதில் வருத்தப்படுகிறார். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரோ தொடர்ந்து, பெரிய துன்பத்தில் இருப்பவர்களின் துக்கம் தமக்குப் புரிகிறது என்றும், வாழ்வின் எல்லா வேளைகளிலும் மகிழ்ச்சி ஒரே விதமாக வெளிப்படுவதில்லை என்றும், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அது துளிர்க்க விட வேண்டும் என்றும் எழுதுகிறார். ஒரு நல்ல பங்குத்தந்தையின் பேச்சு.

இனி அந்த விண்மீன் இல்லாத வாசலுக்குத் திரும்புவோம். புதுத்துணி வேண்டாம் என்று அவர்கள் நினைத்தால் வேண்டாம். பலகாரம் செய்ய மனம் வரவில்லை என்றால் செய்ய வேண்டாம். அதைச் செய்துதான் கிறிஸ்துவை வரவேற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்து வீட்டார் கொடுத்து அனுப்புவார்கள், அது நம் ஊரில் இன்னும் இருக்கும் நல்ல பழக்கம். ஆனால் விண்மீனை ஏற்றுங்கள் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். விண்மீன் அலங்காரப் பொருளாக வந்தது அல்ல. இருட்டில் வழி தேடியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் அது. யாருக்காவது அது தேவை என்றால் இந்த வீட்டுக்குத்தான் முதலில் தேவை. திருப்பலிக்கும் வாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாலும் பரவாயில்லை. விழாத் திருப்பலியில் இறந்தவருக்காகக் கருத்துக் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கிக் கேட்பது உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். எந்த நற்கருணை மன்றாட்டிலும், பெருவிழாவிலும்கூட, இறந்தோரை நினைக்காமல் நாம் விடுவதில்லை.

பாடல் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். துக்க வீடு என்று தெரிந்தால் தாண்டிப் போய்விடுகிறீர்கள். மரியாதைக்காகத்தான், தெரியும். இந்த ஆண்டு முன்கூட்டியே ஒருவர் போய்க் கேட்டுவிட்டு, மேளம் இல்லாமல், கிறிஸ்மஸ் தாத்தா வேடம் இல்லாமல், ஒரே ஒரு பாட்டை மெதுவாகப் பாடி, இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு வாருங்கள். காணிக்கைப் பெட்டியை அங்கே நீட்ட வேண்டாம். மகிழ்வாரோடு மகிழவும் அழுவாரோடு அழவும் பவுலடியார் ஒரே மூச்சில்தான் சொல்லியிருக்கிறார் (உரோ 12:15).

கணவரை இழந்து முதல் கிறிஸ்மஸை எதிர்கொள்ளும் சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் கைம்பெண் முன்னால் வரக்கூடாது என்ற எண்ணம் நம் குடும்பங்களிலும் ஒளிந்திருக்கிறது. லூக்கா நற்செய்தியைத் திறந்து பாருங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலில் வரவேற்றவர்களில் ஒருவர் அன்னா. ஏழே ஆண்டு கணவரோடு வாழ்ந்து, பிறகு முதுமை வரை கைம்பெண்ணாக இருந்தவர். எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் குழந்தையைப் பற்றி எடுத்துச் சொன்னவர் அவர்தான் (லூக் 2:36-38). ஆகவே இந்த டிசம்பர் 24 இரவு, உங்கள் வீட்டுக் குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை வைக்கும் நேரம் வரும்போது, மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த அத்தையை, அந்த அண்ணியை, அந்தப் பாட்டியைக் கூப்பிடுங்கள். சுரூபத்தை அவர் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.